ஆஷ்மீட்ஸ் கெர்னல் ஆப்பிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஷ்மீட்ஸ் கெர்னல் என்பது எந்த ஊர் ஆப்பிள்? பெயருக்கு என்ன பொருள்?

இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில், ஆஷ்மீட் என்பவரின் தோட்டத்தில் 1700 வாக்கில் முளைத்த வகை இது. பழைய பட்டியல்கள் சிலவற்றில் ‘டாக்டர் ஆஷ்மீட்ஸ் கெர்னல்’ என்றும் வரும். இந்தக் ‘கெர்னல்’ ராணுவப் பதவி அல்ல. அந்தப் பதவியைத் தமிழில் கர்னல் என்று எழுதுகிறோம்; இது வேறு சொல், விதைப் பருப்பைக் குறிப்பது. இங்கிலாந்தின் மேற்குப் பகுதிகளில் விதையிலிருந்து வந்த ஆப்பிள் மரத்தையே அப்படி அழைத்தார்கள். ஆகவே ‘ஆஷ்மீட் வீட்டு விதைக்கன்று’ என்று பெயரைப் புரிந்துகொள்ளலாம்.

அந்த முதல் மரம் இன்று இல்லை. இப்போது உலகில் இருக்கும் ஒவ்வொரு ஆஷ்மீட்ஸ் கெர்னல் மரமும் அதன் குச்சியை ஒட்டுக்கட்டி, அதிலிருந்து மறுபடி குச்சி வெட்டி ஒட்டுக்கட்டி வந்தது. முந்நூறு ஆண்டுகளாக அந்தச் சங்கிலி எங்கேயும் அறாமல் கை மாறி வந்திருக்கிறது.

பழம் பார்க்க எப்படி இருக்கும்?

முதல்முறை பார்ப்பவர்கள் இதை உருளைக்கிழங்கு என்று நினைப்பதுண்டு. நடுத்தர அளவு, குறுக்களவு 6 செ.மீ. அளவில் இருக்கும். மேலும் கீழும் சற்றுத் தட்டையான உருண்டை. பச்சை கலந்த மஞ்சள் தோலின்மேல் சாம்பல் பழுப்பில் ஒரு சொரசொரப்பு போர்த்தியிருக்கும். வெயில் பட்ட பக்கத்தில் சில பழங்களில் மங்கலான செம்மஞ்சள் தெரியும். பளபளப்பு துளியும் இருக்காது; துணியால் துடைத்தாலும் மினுங்காது. வெட்டினால் உள்ளே வெண்மஞ்சள் சதை, நெருக்கமாகவும் கெட்டியாகவும் சாறு நிறைந்தும் இருக்கும்.

தோல் ஏன் இப்படிச் சொரசொரப்பாக இருக்கிறது? நோயா?

நோய் இல்லை. இது தக்கை. மதுப்புட்டியை அடைக்கும் தக்கையும் உருளைக்கிழங்கின் தோலும் எந்தப் பொருளால் ஆனவையோ, அதேதான். ஆங்கிலத்தில் இப்படித் தோல் கொண்ட ஆப்பிள்களை ரசெட் என்று ஓர் இனமாகவே பிரித்துச் சொல்வார்கள்.

பூ உதிர்ந்த பின் வரும் முதல் நான்கைந்து வாரங்களில் பிஞ்சு வெகு வேகமாகப் பெருக்கும். சாதாரண ஆப்பிளில் தோலின்மேல் இருக்கும் மெழுகுப் படலம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து விரியும். ரசெட் வகைகளில் அது ஈடுகொடுக்காமல் கண்ணுக்குத் தெரியாத அளவில் விரிசல் விடும். விரிசலுக்கு அடியில் மரம் உடனே ஒரு புதிய வளர்திசுவை உண்டாக்கி, தக்கைச் செல்களை அடுக்கடுக்காக மேலே தள்ளும். காயத்தின்மேல் பொருக்கு கட்டுவது போலத்தான். ஆஷ்மீட்ஸ் கெர்னலில் இது மரபிலேயே இருப்பதால் பழம் முழுக்கப் பரவுகிறது.

உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் தெளிவாகும். காய்ந்த குளத்து வண்டல்போல் வெடித்த பழுப்புத் துணுக்குகள், நடுவே மஞ்சள்பச்சைத் திட்டுகள், அங்கங்கே வெளிறிய சிறு புள்ளிகள். அந்தப் புள்ளிகள் பழம் மூச்சுவிடும் துளைகள்.

வழுவழுப்பான வகைகளிலும் பிஞ்சுப் பருவத்தில் உறைபனியோ தொடர் ஈரமோ செம்பு மருந்தோ பட்டால் திட்டுத்திட்டாகத் தக்கை விழும். கோல்டன் டெலிஷியஸ் வளர்ப்பவர்கள் அதைக் குறைக்க ஜிப்ரலின் என்ற பயிர் வளர்ச்சி ஊக்கியைத் தெளிப்பதும் உண்டு. இங்கே அந்தக் கவலை வேண்டாம். இந்தத் தோல்தான் இந்த வகையின் அடையாளம். நல்லது கெட்டது இரண்டும் இதிலிருந்தே வருகின்றன. தக்கையின் வழியே நீர் மெல்ல ஆவியாவதால் பழத்தில் இனிப்பும் மணமும் செறிகின்றன. அதே காரணத்தால்தான் கவனமில்லாமல் வைத்தால் பழம் சுருங்குகிறது.

தோலோடு சாப்பிடலாமா?

தாராளமாக. நன்றாகக் கழுவினால் போதும். மணத்தில் ஒரு பங்கு தோலை ஒட்டியே இருக்கிறது. சீவினால் அது போய்விடும். சொரசொரப்பு நாக்கில் படுவது பிடிக்காதவர்கள் மெல்லிய துண்டுகளாக நறுக்கிக்கொண்டால் அது அவ்வளவாகத் தெரியாது.

சுவை எப்படி? ஏன் சிலர் புகழ்கிறார்கள், சிலர் முகம் சுளிக்கிறார்கள்?

முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் மரத்திலிருந்து பறித்த அன்றே கடித்தவர்கள். அக்டோபரில் பறித்ததும் சாப்பிட்டால் பல் கூசும் புளிப்பு, கல் போன்ற சதை, மணமும் குறைவு. அந்தப் பழத்தை நான்கு முதல் ஆறு வாரம் குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டுக் கடித்துப் பாருங்கள். புளிப்பு முதலில் வந்து அடங்கும், பின்னாலேயே அழுத்தமான இனிப்பு, கடைசியில் மூக்குவரை ஏறும் ஒரு மணம். இங்கிலாந்தில் பேர் டிராப் என்று ஒரு பழைய மிட்டாய் உண்டு; பேரிக்காயும் வாழைப்பழமும் கலந்த வாசனை. இந்தப் பழத்தைச் சொல்லும்போது அங்குள்ளவர்கள் அந்த மிட்டாயைத்தான் இழுப்பார்கள்.

பல ஆப்பிள்களில் நாள் ஆக ஆகப் புளிப்பு வடிந்து வெறும் இனிப்பு மிஞ்சும். இதில் புளிப்பின் கையிருப்பு அதிகம் என்பதால் டிசம்பர், ஜனவரியிலும் இரண்டும் சேர்ந்தே நிற்கும். பாராட்டு முழுவதும் அந்தச் சமநிலைக்குத்தான் சேர வேண்டும்.

எக்ரிமண்ட் ரசெட்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. கடைகளில் ‘ரசெட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் இங்கிலாந்தில் அது பெரும்பாலும் எக்ரிமண்ட் ரசெட்தான். அது 1872-ல் பதிவான சசெக்ஸ் வகை. புளிப்பு குறைவு, சதை சற்று உலர்ந்தாற்போல் இருக்கும், கொட்டைப் பருப்பின் ருசி வரும், செப்டம்பர் கடைசியிலேயே பறிப்புக்கு வரும். ஆஷ்மீட்ஸ் கெர்னல் அதைவிடப் புளிப்பும் சாறும் அதிகம், பறிப்பு தாமதம், சேமிப்பு நீளம். எக்ரிமண்ட் பிடித்தவர்களுக்கு இது முதலில் கடுமையாகத் தோன்றலாம். பூக்கும் காலமும் வேறு: எக்ரிமண்ட் முந்திப் பூக்கும்.

இவ்வளவு நல்ல பழம் என்றால் கடையில் ஏன் கிடைப்பதில்லை?

மரம் குறைவாகக் காய்க்கிறது. அதுவும் சீராக இல்லை. பழம் பளபளப்பாக இல்லை. பறித்ததும் ருசிக்காது. வணிகத்துக்கு வேண்டிய மூன்றும் இதில் இல்லை என்பதால் பெரிய தோப்புகள் இதைப் பயிரிடுவதில்லை. அரச தோட்டக்கலைச் சங்கம் தன் தோட்டத் தகுதி விருதை இதற்கு வழங்கியிருக்கிறது. ஆனாலும் வீட்டுத் தோட்டங்களிலும் பழைய தோப்புகளிலும் உழவர் சந்தைகளிலும்தான் இது புழங்குகிறது.

பழத்தின் விதையைப் போட்டால் இதே மரம் வருமா?

வராது. ஆப்பிள் பூவுக்கு வேறொரு வகையின் மகரந்தம் வேண்டும், ஆகவே ஒவ்வொரு விதையும் புதிய கலப்பு. நூறு விதை போட்டால் நூறு வெவ்வேறு மரம் வரும். அவற்றில் பெரும்பாலானவை புளித்த சிறு காய்தான் தரும். அப்படி எதேச்சையாக நன்றாக அமைந்த ஒரு விதைதான் இந்த வகையே. அதே மரம் வேண்டும் என்றால் ஒட்டுக்கட்டுவது ஒன்றே வழி.

எந்த வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்றை வாங்குவது?

மரம் எவ்வளவு உயரம் வளரும் என்பதை, ஒட்டுக்கு அடியில் நின்று வேரைத் தரும் வேர்ச்செடிதான் பெருமளவு தீர்மானிக்கும். கீழே வருபவை எல்லாம் கென்ட் மாவட்டத்து ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தின் வரிசைப் பெயர்கள்.

எம்9: 2 முதல் 3 மீட்டர். சீக்கிரம் காய்க்கும், ஆனால் வேர் பலவீனம். ஆயுள் முழுக்க முட்டுக்கம்பு வேண்டும், புல்லோடு போட்டி போட முடியாது.

எம்26: 2.5 முதல் 3.5 மீட்டர். சுவரோரம் கம்பியில் படரவிட ஏற்றது.

எம்எம்106: 3.5 முதல் 4.5 மீட்டர். பெரும்பாலான வீட்டுத் தோட்டங்களுக்கு இதைத்தான் சொல்வோம். கம்பளி அசுவினியைத் தாங்கும். நீர் தேங்கும் களிமண்ணில் மட்டும் வைக்காதீர்கள், தண்டின் அடி அழுகும்.

எம்25: 5 மீட்டருக்கு மேல். மாடு மேயும் பழைய பாணித் தோப்புக்கு.

ஆஷ்மீட்ஸ் கெர்னல் காய்ப்புக்கு வர நேரம் எடுக்கும் வகை. எம்9-ல் மூன்று ஆண்டு, எம்எம்106-ல் நான்கைந்து ஆண்டு, எம்25-ல் இன்னும் கூடுதல் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நானே ஒட்டுக்கட்ட வேண்டும். எப்படிச் செய்வது?

குச்சி வெட்டுவது டிசம்பர், ஜனவரியில், மரம் முழுக்க உறங்கும்போது. கடந்த கோடையில் வளர்ந்த, பென்சில் கனமுள்ள, வெயில் பட்ட கிளையைத் தேர்ந்தெடுங்கள். 20 முதல் 25 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, ஈரமான செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பெயரும் தேதியும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். அதே பெட்டியில் ஆப்பிள் இருக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு குச்சியின் மொட்டுகளைக் கெடுத்துவிடும். பழப்பிரியர்கள் அதிகம் செய்யும் தவறு இது.

ஒட்டுவது மார்ச்சில், வேர்ச்செடியில் மொட்டு உப்பத் தொடங்கும்போது. தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் வேர்ச்செடியை வெட்டி நீக்குங்கள். வெட்டிய முனையில் 4 செ.மீ. நீளத்துக்கு ஒரே இழுப்பில் சாய்வாகச் சீவுங்கள். குச்சியின் அடிப்பக்கத்திலும் அதே நீளத்துக்கு அதே சாய்வு. இரண்டு சீவலையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவே ஒளி தெரியக் கூடாது. தெரிந்தால் கத்தி மழுங்கல், அல்லது இரண்டு மூன்று இழுப்பில் சீவியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்து நாக்கு. சீவலின் நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே வந்து, இழையின் போக்கில் 1 செ.மீ. ஆழத்துக்குப் பிளவுங்கள். குச்சியிலும் அப்படியே. ஒரு நாக்கு மற்றதன் பிளவுக்குள் நுழையும்படி தள்ளினால் கையை எடுத்தாலும் நிற்கும்.

ஒட்டு பிடிப்பதும் பட்டுப்போவதும் ஒரே ஒரு கோட்டில் இருக்கிறது: பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் தாள் கனத்தில் தெரியும் பச்சைப் படலம். இரண்டு குச்சிகளின் படலங்களும் தொட்டாக வேண்டும். கனம் வேறுபட்டால் நடுவில் வைக்காதீர்கள்; ஒரு பக்கத்துக்குத் தள்ளி, அந்த ஒரு பக்கமாவது படலத்தோடு படலம் பொருந்தச் செய்யுங்கள்.

ஒட்டுக்கட்டும் நாடாவால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றுங்கள். குச்சியில் மூன்று நான்கு மொட்டு விட்டு மேலே வெட்டி, வெட்டுமுனையில் மெழுகு பூசுங்கள். பூசாவிட்டால் ஒட்டு கூடுவதற்குள் குச்சி காய்ந்துவிடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் மொட்டு விரியும். விரைவிலேயே இலை வந்து பிறகு வாடினால், குச்சியில் இருந்த சேமிப்பில் தளிர்த்திருக்கிறது, ஒட்டு கூடவில்லை. வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் தளிர்களை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். நாடா தானே இற்றுப்போகாத வகை என்றால், தண்டு பருக்கத் தொடங்கியதும் அறுத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் கழுத்தை நெரித்து, பின்னால் காற்றில் அந்த இடத்திலேயே முறியும்.

மார்ச் தப்பிவிட்டதா? ஜூலை, ஆகஸ்டில் ஒற்றை மொட்டை வைத்துக் கட்டலாம். குச்சி கொஞ்சமாகக் கிடைக்கும் அரிய வகைகளுக்கு அது சிக்கனமும்கூட.

தனி மரம் காய்க்குமா? துணைக்கு எது நல்லது?

தனியாக இருந்தால் காய்ப்பை நம்ப முடியாது. இங்கிலாந்துக் கணக்கில் இது நான்காம் பூப்புக் குழு, அதாவது நடுப்பருவம் தாண்டிப் பூப்பது. கோல்டன் டெலிஷியஸ், எலிசன்ஸ் ஆரஞ்ச் இரண்டும் அதே குழு. காக்ஸ் ஆரஞ்ச் பிப்பின் ஒரு குழு முந்தியது, பூக்காலம் ஒன்றின்மேல் ஒன்று விழும் என்பதால் அதுவும் உதவும். இடம் இருந்தால் இரண்டு துணை மரம் வையுங்கள். பிராம்லி மட்டும் துணையாக இருந்தால் போதாது, அதன் மகரந்தம் பயன்படாது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் ஆப்பிளோ காட்டு ஆப்பிளோ இருந்தால் தேனீ அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

நடும்போது கவனிக்க வேண்டியவை?

நவம்பரிலிருந்து மார்ச் வரை, மண் உறையாத நாளில், மண் நீக்கிய வேர்க்கன்றாக நடுங்கள். வேரை இரண்டு மணி நேரம் நீரில் ஊறவையுங்கள். குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் வேர் அளவுக்குப் போதும். ஒட்டுக் கட்டிய முடிச்சு தரைக்கு மேல் 10 செ.மீ.யாவது நிற்க வேண்டும். அது மண்ணுக்குள் போனால் ஆஷ்மீட்ஸ் கெர்னலே வேர்விட்டு, குட்டை மரம் என்று வாங்கியது பெருமரமாகிவிடும். முதல் கோடையில் வாரம் 20 லிட்டர் தண்ணீர். மூடாக்கு 5 முதல் 8 செ.மீ. கனம், தண்டைத் தொடாமல். பழைய ஆப்பிள் மரம் பட்டுப்போன அதே குழியில் நடாதீர்கள்.

ஒரு வருடம் நன்றாகக் காய்க்கிறது, அடுத்த வருடம் ஒன்றும் இல்லை. ஏன்?

இந்த வகையில் அடிக்கடி வரும் குறை இது, காரணம் தெரிந்தால் பாதி சரிசெய்யலாம். அடுத்த வருடத்துப் பூமொட்டு இந்த வருடக் கோடையிலேயே உருவாகிறது. அந்த நேரத்தில் மரத்தில் பிஞ்சுகள் நிறைய இருந்தால், அவற்றின் விதைகளிலிருந்து வரும் ஜிப்ரலின் பூமொட்டு உருவாவதைத் தடுக்கும். ஆகவே அதிகம் காய்த்த வருடத்தை அடுத்துப் பூவே வராது. பூ வராத வருடம் மரம் களைப்பாறி, அதற்கடுத்த வருடம் அளவுக்கு மீறிப் பூக்கும். சுழற்சி இறுகிவிடும்.

உடைக்கும் வழி பிஞ்சு கலைப்பது. எல்லோரும் ஜூன் மாத இயற்கை உதிர்வு முடியட்டும் என்று காத்திருப்பார்கள். பழ அளவுக்கு அது போதும், சுழற்சியை உடைக்க அது தாமதம். பூ முழுக்க விரிந்த நாளிலிருந்து 40 நாளுக்குள் கலைக்க வேண்டும். கொத்துக்கு ஒரு பிஞ்சு விடுங்கள், பிஞ்சுக்குப் பிஞ்சு 10 முதல் 15 செ.மீ. இடைவெளி. கொத்தின் நட்டநடுவில் தடித்த காம்போடு கோணலாக நிற்பதை முதலில் எடுங்கள். கத்தரியால் காம்பை நறுக்குங்கள், இழுத்தால் குறுங்கிளையே கையோடு வந்துவிடும். அடுத்த வருடப் பூ அதில்தான் இருக்கிறது.

அதிகம் பூத்த வருடம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பாதிக்கு மேல் கலைத்தால்தான் பலன் தெரியும். கையில் கத்தரியோடு நிற்கும்போது இது எளிதல்ல என்பது உண்மைதான்.

கவாத்து எப்படி?

காய்ப்பது பெரும்பாலும் பழைய கிளைகளின் குறுங்கிளைகளில். குளிர்காலத்தில் குறுக்கே போகும் கிளை, நோய்ப்பட்ட கிளை, நடுவை அடைக்கும் கிளை இவற்றை எடுங்கள். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கடுமையாக வெட்டினால் மரம் கோபித்துக்கொண்டதுபோல் நீண்ட போத்துகளை விடும், காய்ப்பு இன்னும் தள்ளிப்போகும். கம்பியில் படரவிட்ட மரத்துக்கு ஆகஸ்ட் கவாத்து.

பழத்துக்குள் சிறு பழுப்புப் புள்ளிகள், கசப்பு. பூச்சியா?

பூச்சி துளைத்த வழி இல்லையென்றால் அது கசப்புப் புள்ளி. பழத்தில் சுண்ணாம்புச் சத்து போதாததால் செல்கள் செத்துப் பஞ்சாகிப்போன இடங்கள். 2 முதல் 5 மி.மீ. அளவு, காம்புப் பக்கத்தைவிட அதற்கு எதிரே இருக்கும் கண்பக்கத்தில் அதிகம். வழுவழுப்பான ஆப்பிளில் குழிந்த புள்ளியாக வெளியே தெரியும். ரசெட் தோலில் தெரியாது, அதுதான் சிக்கல். பறிக்கும்போது ஒன்றும் இல்லாத பழம், சேமிப்பில் ஒரு மாதம் கழித்து உள்ளே புள்ளியோடு இருக்கும். கண்பக்கத்தை விரல் நுனியால் தடவினால் சிறு பள்ளங்கள் தட்டுப்படும். சந்தேகம் என்றால் ஒரு பழத்தை மெல்லியதாகச் சீவிப் பாருங்கள்.

பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருக்கும், பழத்துக்குப் போய்ச் சேராது. அது நீரோட்டத்தோடு மட்டும் பயணிக்கும் சத்து. இலைதான் அதிக நீரை இழுப்பதால் பெரும்பங்கு இலைக்கே போகிறது. நீர் ஒரு வாரம் வெள்ளம், மூன்று வாரம் வறட்சி என்றால் நிலைமை மோசமாகும். தழைச்சத்து அதிகம் போட்டால் இலை பெருகிப் பழத்தின் பங்கு இன்னும் குறையும். சாம்பல் சத்து மிகுந்தாலும் தடை. காய் குறைவான வருடத்தில் பழம் பெரிதாகும், பெரிய பழத்தில்தான் புள்ளி அதிகம். ஆகவே மேலே சொன்ன விட்டுக் காய்க்கும் குறையும் இதுவும் கைகோத்தே வரும்.

முதல் மருந்து சீரான நீர், கனமான மூடாக்கு, உரத்தில் கட்டுப்பாடு. அதற்கும் அடங்காவிட்டால் கால்சியம் குளோரைடு லிட்டருக்கு 4 முதல் 5 கிராம், ஜூன் நடுவிலிருந்து பறிப்பு வரை இரு வாரத்துக்கு ஒருமுறை. பழம் நனைய வேண்டும், இலையில் பட்டது பழத்துக்கு இறங்காது. 25 டிகிரிக்கு மேல் வெப்பமான நாளில் அடித்தால் இலை ஓரம் கருகும்; மாலையில் அடியுங்கள். புள்ளி வந்த பழத்துக்கு வைத்தியம் இல்லை. அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம்.

மற்ற நோய், பூச்சி?

சொறி நோய் பழத்தில் அரிதாகத்தான் தெரியும், ஈர ஆண்டுகளில் இலையில் வரலாம். உதிர்ந்த இலையைப் பெருக்கி அகற்றுங்கள். நீர் தேங்கும் நிலத்தில் பட்டைப் புண் நோய் வரும், புண்ணுக்குக் கீழே நல்ல மரம் தெரியும்வரை வெட்டி எரிக்கவும். காட்லிங் அந்துப்பூச்சிக்கு மே மாதம் இனக்கவர்ச்சிப் பொறி தொங்கவிடுங்கள். அது பூச்சியின் வரவைக் காட்டும், ஒரு சில மரங்கள் என்றால் எண்ணிக்கையையும் குறைக்கும்.

எப்போது பறிப்பது?

இங்கிலாந்தில் அக்டோபர் முதல் பாதியிலிருந்து நடுவரை. தோல் நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, தக்கை மூடியிருக்கிறது. துணுக்குகளுக்கு இடையில் தெரியும் அடித்தோலைப் பாருங்கள்: பச்சை மஞ்சளாக மாறத் தொடங்கியிருக்க வேண்டும். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி மேலே தூக்கித் திருப்பினால் காம்போடு விடுபட வேண்டும். வெட்டிப் பார்த்தால் விதை பழுப்பு.

துல்லியம் வேண்டுமானால் அயோடின் சோதனை. 8.8 கிராம் பொட்டாசியம் அயோடைடை 30 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கரைத்து, 2.2 கிராம் அயோடின் சேர்த்துக் கலக்கி, மொத்தம் 1 லிட்டர் ஆகும்வரை நீர் விடுங்கள். பழத்தைக் குறுக்காக வெட்டி, வெட்டுமுகத்தை ஒரு நிமிடம் நனையுங்கள். மாவுச்சத்து உள்ள இடம் கருநீலமாகும். முழுக்கக் கறுத்தால் இன்னும் காய். விதையறையைச் சுற்றி வெளுத்து, வெளிவட்டம் கறுத்திருந்தால் நீண்ட நாள் வைக்கப் பறிக்கலாம். முழுக்க வெளுத்தால் கனிந்துவிட்டது, அதைச் சேமிக்க வேண்டாம். சோதித்த பழத்தைத் தின்னக் கூடாது, கரைசல் நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

சீக்கிரம் பறித்தால் புளிப்பு மாறவே மாறாது, தோல் மட்டும் சுருங்கும். ஒரே மரத்தை ஒரே நாளில் காலி செய்யாமல், வெயில் பக்கத்தை முதலிலும் உள்பக்கத்தைப் பத்து நாள் கழித்தும் பறிப்பது நல்லது.

எப்படிச் சேமித்தால் சுருங்காது?

ரசெட்டுக்கு எதிரி வறண்ட காற்று. மற்ற ஆப்பிளைத் திறந்த தட்டில் அடுக்கும் வழக்கம் இதற்கு ஒத்துவராது. இரண்டே வாரத்தில் காம்பைச் சுற்றித் தோல் மடிப்பு விழும். 2 அல்லது 3 கிலோ பிடிக்கும் பிளாஸ்டிக் பையில் போடுங்கள். அரைக் கிலோவுக்கு ஒன்று என்று பென்சில் கனத்தில் துளையிட்டு, பையின் வாயைக் கட்டாமல் மடித்து மட்டும் விடுங்கள். முற்றிலும் அடைத்தால் உள்ளே நீர் முத்து கோத்து அழுகும்.

வெப்பம் 3 முதல் 5 டிகிரி இருந்தால் பிப்ரவரி, மார்ச் வரை நிற்கும். காம்பு பிடுங்கியது, கீழே விழுந்தது, தட்டுப்பட்டது எதையும் பையில் போடாதீர்கள். முந்திக் கனியும் வகைகளோடு ஒரே அறையில் வைத்தால் அவை விடும் எத்திலீனால் இதுவும் அவசரமாகக் கனியும். வாரம் ஒருமுறை பையைத் திறந்து பாருங்கள்; அழுகலைக் கண் கண்டுபிடிக்கும் முன் மூக்கு கண்டுபிடிக்கும்.

லேசாகச் சுருங்கிய பழத்தை எறிந்துவிட வேண்டாம். சதை ரப்பர் போல இழுபடும்வரை அது சாப்பிட நல்லதுதான், இனிப்பு கூடவே இருக்கும்.

சமையலுக்கு, சாறுக்கு ஆகுமா?

வேகவைத்தால் சர்க்கரை குறைவாகவே போதும். சாறுக்கு மிக நல்லது: 10 கிலோவுக்கு வீட்டுச் செக்கில் 5 முதல் 6 லிட்டர் எதிர்பார்க்கலாம். சைடர் என்னும் ஆப்பிள் மது தயாரிப்பவர்கள் இதன் சர்க்கரைக்காகவும் புளிப்புக்காகவும் தேடுவார்கள். துவர்ப்பு குறைவு என்பதால் துவர்ப்பு வகையோடு கலப்பார்கள். ஆனால் ஜனவரிப் பழத்தை நறுக்கி, அதே மாவட்டத்தின் டபுள் குளோஸ்டர் பாலாடைக்கட்டியோடு வைத்துச் சாப்பிடுவதுதான் இதற்குச் செய்யும் மரியாதை.

குளிர் இல்லாத இடத்தில் வளருமா?

மரம் வளரலாம், காய்ப்பது கடினம். ஆப்பிள் மொட்டு உறக்கம் கலைய 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரக் குளிர் வேண்டும். இங்கிலாந்தின் பழைய வகைகள் பொதுவாக 800 மணிக்கு மேல் கேட்பவை. அது கிடைக்காவிட்டால் இலை தாமதமாக, கிளை நுனியில் மட்டும் வரும், பூ சிதறலாக வரும். வெளிநாட்டிலிருந்து குச்சியைப் பெட்டியில் வைத்து எடுத்து வராதீர்கள். தாவர நலச் சான்று இல்லாமல் கொண்டுவருவது சட்டப்படி தவறு, நோயும் கூடவே வரும்.

வாங்கிய மரம் உண்மையிலேயே ஆஷ்மீட்ஸ் கெர்னல்தானா என்று எப்படி உறுதி செய்வது?

காய்க்கும் முன் கண்ணால் உறுதி செய்வது கடினம். காய்த்த பின் மூன்றைப் பாருங்கள்: அக்டோபர் நடுவில் பறிப்புக்கு வருகிறதா, பறித்த அன்று கடும் புளிப்பா, டிசம்பரில் அந்த மிட்டாய் மணம் வருகிறதா. செப்டம்பரிலேயே இனித்தால் வேறு ரசெட். இங்கிலாந்தில் கோடை இலையை அனுப்பி மரபணுவை ஒப்பிடும் வசதியும் உண்டு. ஒப்பிட அடிப்படை, கென்ட் மாவட்டம் ஃபேவர்ஷாம் அருகே பிராக்டேலில் இருக்கும் தேசியப் பழத் தொகுப்பு. 2,000-க்கும் மேற்பட்ட ஆப்பிள் வகைகள் அங்கே மரமாகவே நிற்கின்றன. ஒட்டுக்குச்சியையும் அங்கிருந்தே பெறலாம். குச்சி குளிர்காலத்தில்தான் வெட்டப்படும் என்பதால் இலையுதிர் காலத்திலேயே கேட்டு வைத்து, அதற்குள் வேர்ச்செடியை வாங்கித் தயாராக வையுங்கள்.